வளர இடம் விட்டு வெட்டுங்கள்

கிறிஸ்துமஸுக்கு எடுத்த பாவாடை அடுத்த கிறிஸ்துமஸ் வருமுன் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்பதைப் பார்க்காத வீடு உண்டா? துணி கிழியவில்லை, சாயம் போகவில்லை, பிள்ளைதான் வளர்ந்துவிட்டாள். கடையில் வாங்கிய உடுப்பானால் இதற்குப் பரிகாரம் அநேகமாக இல்லை. அதைப் புரட்டி உள்பக்கம் பாருங்கள். தையலுக்கு வெளியே கால் அங்குலமோ அரை அங்குலமோதான் துணி விட்டிருக்கும். ஆயிரக்கணக்கில் வெட்டும் இடத்தில் ஒவ்வொரு அங்குலமும் காசு; அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் பிள்ளைக்கு நாமே வெட்டும்போது அந்தக் கணக்கை நாம் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? வீட்டில் தைத்தால் கூலி மிச்சம் என்பார்கள். கூலி ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே துணி மூன்று வருஷம் உழைக்கும்படி இடம் விட்டுத் தைக்கலாம் என்பதே பெரிய லாபம்.

ஏழு வயதுப் பெண் ஒருத்திக்குப் பாவாடை தைப்பதாக வைத்துக்கொள்வோம். இடுப்புப் பட்டிக்குக் கீழிருந்து கணுக்கால் வரை 26 அங்குலம். இதனோடு கீழ் மடிப்புக்கு 3 அங்குலம் சேர்க்கவும். பாவாடையைச் சுற்றிலும் இரண்டு டக் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் 1 அங்குல உயரமானால், மடிப்பில் துணி இரட்டையாகப் போவதால் ஒன்றுக்கு 2 அங்குலம் செல்லும், இரண்டுக்கும் 4. பட்டியோடு இணைக்க அரை அங்குலம். ஆக 33½ அங்குலம் வெட்ட வேண்டும். இந்த வயதில் பிள்ளைகள் வருஷத்துக்கு ஏறத்தாழ 5, 6 சென்டிமீட்டர் உயர்வார்கள். அதில் பாதிக்கு மேல் கால்களில்தான். ஆகவே ஒரு டக்கைப் பிரித்தால் ஒரு வருஷம் தாராளமாகப் போகும். இரண்டாவதைப் பிரித்தால் இன்னொரு வருஷம். பிறகும் கீழ் மடிப்பு இருக்கிறது. நம் பாட்டிமார் பட்டுப் பாவாடைகளில் இதைத்தான் செய்தார்கள். யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை.

டக் பிடிக்கும் தையல் பின்னால் பிரிப்பதற்காகவே போடப்படுவது. ஆகையால் அதைச் சற்று நீளத் தையலாகப் போடுங்கள். நெருக்கிப் போட்டால் பிரிக்கையில் துணி புண்ணாகும். பிரித்த இடத்தில் பழைய நிறம் ஒரு கோடாகத் தெரியும். அதன்மேல் லேஸோ ரிப்பனோ வைத்துத் தைத்துவிட்டால் புதுப் பாவாடை என்றே பிள்ளை நினைத்துக்கொள்வாள்.

சட்டையிலும் இப்படியே. பக்கத் தையலில் ஒவ்வொரு பக்கமும் 1 அங்குலம், தோளில் அரை அங்குலத்துக்கு மேல், கையின் ஓரத்தில் 2 அங்குலம் விடலாம். ஆனால் கைக்குழியை அளவுக்கு மீறிக் குறுக்கி வெட்டாதீர்கள். மற்றெல்லாம் விட்டாலும் அக்குளில் பிடித்தால் அந்தச் சட்டை முடிந்தது.

இவ்வளவு கணக்கும் வீணாகப் போக ஒரு வழி உண்டு: நனைக்காத துணியை வெட்டுவது. பருத்தித் துணிகளில் சில, முதல் துவைப்பிலேயே மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் வரையும், அதற்கு மேலும் சுருங்கும். நாம் விட்ட இடத்தைத் தண்ணீரே எடுத்துக்கொள்ளும். ஆகவே துணியை ஓர் இரவு ஊறவைத்து, அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்தரிக்கோலை எடுங்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயம் ஏற்றும்போது உப்பு உதவும். ஏறிய பின் ஊறவைப்பதால் பெரிய பிரயோஜனம் இல்லை. சாயம் விடும் துணியைத் தனியே துவைப்பதே வழி.

மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை. 1846-ல் எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் உரிமை பெற்ற மிஷினில் மேல் நூலும் அடி நூலும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டன. நம் வீட்டு மிஷினும் அதே முறைதான். இரண்டு நூலும் துணியின் நடுவில் சந்திக்க வேண்டும். அடிப்பக்கம் வளையம் வளையமாக நூல் தொங்கினால் அநேகர் பாபினைக் குற்றம் சொல்லி அதன் திருகைத் திருப்புகிறார்கள். பெரும்பாலும் குற்றம் மேல் நூலில். அதன் இறுக்கம் போதவில்லை, அல்லது நூல் சரியாகக் கோக்கப்படவில்லை. எண்ணெய் விட்ட பிறகு ஒரு கந்தையில் நாலு வரி ஓட்டிவிட்டுப் பிறகு நல்ல துணியை வையுங்கள்.

எல்லாவற்றையும் வீட்டில் தைக்க வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். பையன்களின் முழுக்கால்சட்டையைத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுங்கள். ஜிப்பு வைப்பதில் நமக்கு ஒரு நாள் போய்விடும், அவருக்கும் பிழைப்பு வேண்டும். பனியன் துணி சாதாரண மிஷினில் இழுபட்டுப்போகும். இன்னொன்று: அக்காவின் உடுப்பைத் தங்கைக்குத் தருவது நல்ல சிக்கனந்தான், ஆனால் மூன்றாவதாகப் பிறந்த ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளை என்றைக்கும் பழையதையே உடுத்துவது நியாயமா? வருஷத்துக்கு ஓர் உடுப்பாவது அவளுடைய அளவுக்கே வெட்டி, அவளையே நிறம் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இனி பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்ற இயக்கத்தைத் தொடங்கியது. துணிப்பை வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பை எங்கே கிழிகிறது என்பதே கேள்வி. நடுத்துணி கிழிவது அபூர்வம். காது இணையும் இடந்தான் பிய்ந்துவருகிறது. வாயோரத்தில் மட்டும் தைத்த காது, முழுப் பாரத்தையும் நாலு தையல் இழைகளில் தாங்குகிறது.

காடாத் துணியோ பழைய திரைச்சீலையோ 35 அங்குல நீளம், 15½ அங்குல அகலம் எடுங்கள். இரு முனைகளையும் ஒன்றரை அங்குலம் மடித்துத் தையுங்கள். காதுக்கு 4 அங்குல அகலமும் 105 அங்குல நீளமும் உள்ள பட்டி வேண்டும். துண்டுகளை ஒட்டுப்போட்டாலும் பாதகமில்லை, ஒட்டு பையின் அடியில் வரட்டும். அதை நாலாக மடித்து 1 அங்குலப் பட்டியாகத் தைத்து, முனைகளை இணைத்து வளையமாக்குங்கள். விரித்த துணியின்மேல், பக்க ஓரங்களிலிருந்து மூன்றரை அங்குலம் உள்ளே, முன்பக்கம் அடி பின்பக்கம் என்று பை முழுவதையும் சுற்றிவரும்படி வைத்துத் தையுங்கள். இரு முனைகளிலும் 20 அங்குலம் தையாமல் விட்டால் அதுவே கைப்பிடி. பாரம் இப்போது பட்டியின்மேல் நிற்கும், துணியின்மேல் அல்ல. வாயோரத்தில் மட்டும் பட்டியின்மேல் ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போடுங்கள்.

பக்கங்களை இரண்டு முறை தைக்க வேண்டும். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்க மடித்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல். பிறகு புரட்டி உள்பக்கத்தில், முன் தையலின் பிசிறு உள்ளே அடங்கும்படி இன்னொன்று. ஓவர்லாக் இல்லாமலே பிசிறு வெளிவராது. துவைத்தபின் பையைப் புரட்டித் தலைகீழாகக் கொடியில் போடுங்கள். அடி மூலையில் ஈரம் தங்காது.