எழுபது கடந்தோர்க்கு ஒரு காப்பு

வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்த்த சொற்பப் பொருள் மூப்பில் வந்து சேரும் ஒரே ஒரு வியாதியால் சில வாரங்களுக்குள் கரைந்துபோவதையும், அதன்பின் அக்குடும்பம் கடனிலும் கவலையிலும் அமிழ்வதையும் தம் சுற்றத்தாரிடையே காணாதவர் நம்மில் அரியர். அந்த அச்சத்தை ஓரளவேனும் நீக்கும் நோக்கத்துடன் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி ராஞ்சி நகரில் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்புத் திட்டம், ஆரம்பத்தில் வறிய குடும்பங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி முதல், எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன பிரஜைகள் யாவருக்கும், அவர்களுடைய செல்வ நிலையைக் கருதாமலே, அது விரிவாக்கப்பட்டது. நான் வசிக்கும் தில்லி மாநகரம் 2025 ஏப்ரலில்தான் இத்திட்டத்தில் சேர்ந்தது. சேர்ந்தவுடனேயே என் தாயாரைப் பதிவு செய்வித்த நான், அதைத் தொடர்ந்து எங்கள் குடியிருப்பிலுள்ள தமிழ்க் குடும்பங்களின் முதியோர் பலருக்கு இக்காரியத்தில் துணை நிற்கும் பாக்கியம் பெற்றேன். அவ்வனுபவத்தில் எனக்குத் தெளிவான விஷயங்களை, மற்றவர்களுக்கும் பிரயோஜனப்படும் என்ற நம்பிக்கையில், இங்கே எழுத முற்படுகிறேன்.

இத்திட்டத்தின் பெருமை இன்னதென்று உணர வேண்டுமானால், இதற்கு முன்னிருந்தவற்றைச் சற்றே நினைவுகூர வேண்டும். பணம் கொடுக்க இயலாத ஒரே காரணத்தால் ஒருவனுக்குத் தக்க வைத்தியம் கிட்டாமற் போகலாகாது என்ற கொள்கையை, 1946ஆம் ஆண்டிலேயே சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு தன் அறிக்கையில் வற்புறுத்தியது. சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் அக்குழுவின் அங்கத்தினருள் ஒருவர். அதன்பின் 1948இல் ஆலைத் தொழிலாளர்களுக்கென ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது, 1954இல் மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கென சி.ஜி.எச்.எஸ். வந்தது, 2008இல் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை அளிக்கும் ராஷ்டிரீய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா வந்தது. இவை ஒவ்வொன்றும் தன்னிடம் வருபவனை நோக்கி, ‘நீ எங்கே வேலை செய்கிறாய்?’ என்றோ, ‘நீ எவ்வளவு ஏழை?’ என்றோ கேட்டன. எழுபது கடந்தோர்க்கான இப்புதிய ஏற்பாடு ஒன்றே, ‘உன் வயது என்ன?’ என்பதற்கு மேல் வேறொன்றும் கேட்பதில்லை.

ஆயினும், இந்த வித்தியாசத்தை அறியாமையே பதிவுக்குப் பெருந்தடையாக இருப்பதை நான் கண்டேன். படிவமும் கைபேசியும் கணினியும் தடையென்று நினைப்போம். அவற்றினும் பெரிய தடை முதியோர் மனத்திலுள்ள சங்கோசமே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமி, இத்திட்டத்தில் பதிவு செய்தோர்க்குத் தரப்படும் அட்டையைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும், “இது இல்லாதவாளுக்கு ஏற்பட்டதில்லையோ? எனக்கு பென்ஷன் வரது. நான் போய் வாங்கினா, இல்லாத ஒருத்தருக்கு அது குறைஞ்சு போயிடாதோ?” என்று கேட்டார். அவருடைய நியாய உணர்ச்சியை நான் மனத்துக்குள் வணங்கினேன். எழுபது வயது ஆன ஒவ்வொருவருக்கும் சர்க்காரே இவ்வுரிமையை வழங்கியிருக்கிறது என்பதையும், ஒருவர் பதிவு செய்துகொள்வதால் மற்றொருவருடைய பங்கு ஒரு காசும் குறைவதில்லை என்பதையும் விளக்கிய பிறகே அவர் சம்மதித்தார். ஆகவே, முதியோரைப் பதிவுக்கு அழைத்துச் செல்ல விரும்புவோர், முதலில் அவர்கள் மனத்திலுள்ள இந்தத் தயக்கத்தைப் பொறுமையுடன் கேட்டு நீக்க வேண்டும் என்பது என் முதல் அபிப்பிராயம்.

இனி, திட்டத்தின் சாரத்தைச் சொல்கிறேன். ஒரு குடும்பத்தில் எழுபது வயது கடந்தோருக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்ச ரூபாய் வரை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சை இலவசம். கணவனும் மனைவியும் இருவருமே எழுபது கடந்தவராயின் அத்தொகையை இருவரும் பகிர்ந்துகொள்வர். குடும்பம் ஏற்கெனவே ஏழைகளுக்கான பிரிவில் சேர்ந்திருந்தாலும், முதியோருக்குரிய இந்த 5 லட்சம் தனியே நிற்கும். இளையோர் செலவு அதைத் தொடாது. தில்லியிலோ மாநில சர்க்காரும் தன் பங்காக இன்னொரு 5 லட்சம் சேர்க்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய் முதலியன முன்பே இருப்பினும், முதல் நாளிலிருந்தே சிகிச்சை கிடைக்கும் என்பதை நான் தனியே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், தனியார் காப்பீட்டில் வயதையும் பழைய வியாதியையும் காட்டிக் கதவடைக்கப்பெற்ற எத்தனையோ பெரியவர்கள், இங்கும் அப்படியே நேருமென்று எண்ணி ஒதுங்கியிருக்கிறார்கள்.

தில்லியில் வாழும் நம்மவருள் மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றோர் மிகுதியாதலால், அவர்கள் ஒரு விஷயத்தை ஆழ்ந்து யோசிக்க வேண்டும். சி.ஜி.எச்.எஸ். அல்லது முன்னாள் ராணுவத்தினருக்கான ஈ.சி.எச்.எஸ். உடையவர்கள், அதையும் ஆயுஷ்மானையும் சேர்த்து அனுபவிக்க இயலாது. இரண்டில் ஒன்றையே தெரிந்தெடுக்க வேண்டும். சி.ஜி.எச்.எஸ். மருந்தகத்தில் மாதந்தோறும் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கிவரும் ஒருவர், அட்டையின் புதுமையைக் கண்டு மயங்கி அந்த வசதியை விட்டுவிடுவது விவேகமாகாது. ஏனெனில் ஆயுஷ்மான் திட்டம் வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் அன்றாட மருந்துக்கும் பணம் கொடுப்பதில்லை. என்னிடம் யோசனை கேட்ட சி.ஜி.எச்.எஸ். பென்ஷன்தாரர் எல்லாருக்கும், இருப்பதை விடாதிருங்கள் என்றே சொன்னேன். மாறாக, ஈ.எஸ்.ஐ. உடையவர்களுக்கும் தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சங்கடமில்லை. அவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

பதிவுக்கு வேண்டிய ஆவணம் ஆதார் ஒன்றே. வயதும் அதிலுள்ளபடியே கொள்ளப்படும். ஆயுஷ்மான் செயலியைக் கைபேசியில் இறக்கி வீட்டிலிருந்தபடியே பதிவு செய்யலாம். இயலாதவர் பொதுச் சேவை மையத்துக்கோ, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்கோ போகலாம். பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் உண்மையான முடிச்சு, ஆதாரோடு இணைந்துள்ள கைபேசி எண்ணில்தான் இருக்கிறது. வெளிநாடு போய்விட்ட மகனுடைய பழைய எண்ணோ, என்றோ கைவிட்ட எண்ணோ அதில் பதிவாகியிருக்குமானால், ஓ.டி.பி. யாருக்கும் எட்டாத இடத்துக்குப் போய்ச் சேரும். ஆதலால், பதிவுக்கு உட்காருவதற்குப் பல நாள் முன்பாகவே அந்த எண் எது என்று விசாரித்து, மாறியிருந்தால் ஆதார் சேவை மையத்துக்கு அழைத்துச் சென்று திருத்திக்கொள்ளுவது உத்தமம்.

ஓ.டி.பி. இல்லாதபோது கைரேகையை நாட வேண்டியிருக்கும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவை நான் மையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஆட்டுக்கல்லிலும் அம்மியிலும் பாத்திரம் தேய்ப்பதிலும் தேய்ந்த அவர் விரல்களில் ரேகை அநேகமாக மறைந்திருந்தது. கருவி விரலுக்கு விரல் ஏற்க மறுத்தது. வலக்கை, இடக்கை, கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைத்தும் பலனில்லை. ‘இந்தக் கையை நான் யாருடையது என்று சொல்வேன்?’ என்று அவர் தழுதழுத்தபோது, தம்மையே ஓர் இயந்திரம் தாமல்லரென்று மறுப்பதாக அவர் எண்ணி வருந்துவது எனக்குப் புரிந்தது. வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவச் செய்து, நன்கு துடைத்து, சிறிது நேரம் ஓய்வு கொடுத்துப் பார்த்தும் ஆகவில்லை. முடிவில் செயலியில் முகத்தைக் காட்டி அடையாளம் உறுதிசெய்யும் வழியை நாடினோம். சன்னலோரம் வெளிச்சம் முகத்தில் விழும்படி அவரை உட்காரவைத்து, கைபேசியை அசையாமல் பிடித்து, கண்ணை இமைக்குமாறு மெல்லச் சொன்னேன். காரியம் உடனே ஆயிற்று. கைரேகை, கருவிழி, முகம் ஆகிய எல்லா வழிகளும் விதிகளில் இருக்கின்றன என்பதை அறிந்து போவோமாயின், ‘ரேகை விழவில்லை, இன்னொரு நாள் வாருங்கள்’ என்ற பதிலுக்குப் பணிந்து ஒரு முதியவரைத் திரும்ப அழைத்துவர வேண்டியதில்லை.

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய மற்றொரு சிக்கல், பெயரில் வரும் முன்னெழுத்து. ஆதாரில் முன்னெழுத்தோடு இருக்கும் பெயர், பென்ஷன் புத்தகத்தில் கணவர் பெயரைப் பின்னே தாங்கியும், பழைய மருத்துவச் சீட்டுகளில் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டும் இருப்பதுண்டு. பதிவுக்கு ஆதாரே போதுமாயினும், மருத்துவமனையில் பழைய பரிசோதனைத் தாள்களைக் காட்ட வேண்டிவரும்போது, எல்லாம் ஒருவருடையவையே என்று விளக்குவதில் நேரம் வீணாகும். ஆகவே, இனிமேல் எந்த வைத்தியரிடம் போனாலும் ஆதாரிலுள்ளபடியே பெயர் எழுதச் சொல்லும் வழக்கத்தை மேற்கொள்வது நன்று.

பதிவுக்கு எவரும் நம்மிடம் பணம் கேட்க நியாயமில்லை; அது முற்றிலும் இலவசம். தொலைபேசியில் அழைத்து, ‘உங்கள் அட்டையை நாங்கள் தயார் செய்து தருகிறோம், வந்த எண்ணைச் சொல்லுங்கள்’ என்று கேட்கும் குரலை எக்காரணத்தாலும் நம்பக் கூடாது என்று பெரியவர்களுக்கு வற்புறுத்திச் சொல்லுங்கள். ஓ.டி.பி.யைக் கேட்க உரியவர், அவர்கள் முன்னே உட்கார்ந்து பதிவு செய்பவர் ஒருவரே.

அட்டை கைக்கு வந்ததும் கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. சென்ற குளிர்காலத்தில் என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, அட்டையின் உண்மையான உபயோகத்தை நான் கண்ணெதிரே கண்டேன். எங்கள் பகுதியிலுள்ள மருத்துவமனைகளில் எவை திட்டத்தில் சேர்ந்தவை, அவற்றுள் எதற்கு எலும்புச் சிகிச்சைக்கு அங்கீகாரம் உண்டு என்று முன்பே குறித்து வைத்திருந்தேன். ஒரு மருத்துவமனை திட்டத்தில் இருப்பதாலேயே எல்லாச் சிகிச்சையும் அங்கே கிடைத்துவிடாது. பிரிவு பிரிவாகவே அங்கீகாரம் தரப்படுகிறது. ஆதலால் நேரே உரிய இடத்துக்கே சென்றோம். அங்கே கட்டணச் சாளரத்திலிருந்தவர் முதலில் முன்பணம் கட்டுமாறு கூறினார். வாசலுக்கருகே மேசையிட்டிருந்த, இத்திட்டத்தில் சேர்ந்த நோயாளிகளுக்கு உதவும் ஊழியரான ஆரோக்கிய மித்ராவிடம் சென்று அட்டையையும் ஆதாரையும் காட்டினேன். 14555 என்ற இலவச எண்ணிலும் பேசி விவரத்தைத் தெரிவித்தேன். முன்பணப் பேச்சு அத்துடன் நின்றது. மித்ரா அடையாளத்தைச் சரிபார்த்து, எக்ஸ்ரே படத்தையும் வைத்தியர் குறிப்பையும் இணைத்து, அறுவைச் சிகிச்சைக்கு முன் அனுமதி கோரி அனுப்பினார். அனுமதி வந்தபின் பொது வார்டில் சிகிச்சை நடந்தது. எலும்பில் பொருத்திய உலோகத்துக்கும் மயக்க மருந்துக்கும் படுக்கைக்கும் உணவுக்கும் நாங்கள் பணம் செலுத்தவில்லை.

சேர்க்கைக்கு முந்திய மூன்று நாட்களின் பரிசோதனைச் செலவும், வீடு திரும்பிய பின் பதினைந்து நாட்களுக்கான மருந்தும் திட்டத்துள் அடங்கும். பலர் இதனை அறியாமல், வெளியேறும் நாளிலேயே எல்லாம் முடிந்ததென்று மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். ஆகவே வெளியேறும் சீட்டை வாங்கும்போதே, அந்தப் பதினைந்து நாள் மருந்தை மித்ராவிடம் கேட்டுப் பெற வேண்டும். அதற்குப் பிந்திய இயன்முறைப் பயிற்சியும், உதவிக்கு அமர்த்திய பெண்மணியின் சம்பளமும், நடைவண்டியும் எங்கள் சொந்தச் செலவே. எனவே, அட்டை இருக்கிறதென்று கையிருப்பு முழுவதையும் செலவிட்டுவிடாமல், வீட்டுப் பராமரிப்புக்கென ஒரு சிறு தொகையைத் தனியே வைத்திருப்பது அவசியம்.

தில்லியில் எடுத்த அட்டையைக் கொண்டு, திட்டத்தில் சேர்ந்த வேறு மாநில மருத்துவமனையிலும் சிகிச்சை பெற விதி இருக்கிறது. மகனிடம் ஆறு மாதமும் சொந்த ஊரில் ஆறு மாதமுமாக வாழும் நம் பெரியவர்களுக்கு இது பெரிய அனுகூலம். ஊருக்குப் புறப்படுமுன், அங்கே பக்கத்திலுள்ள மருத்துவமனை எது, அது முதியோர் அட்டையை ஏற்குமா என்று அதே 14555 எண்ணில் கேட்டு, பெயரையும் தொலைபேசி எண்ணையும் அட்டையின் நகலோடு சேர்த்து அவர்கள் பெட்டியில் வைத்தனுப்புங்கள். குறை ஏதேனும் நேர்ந்தால் வாக்குவாதத்தில் காலம் போக்காமல், தேதி, நேரம், கேட்ட தொகை ஆகியவற்றைக் குறித்துப் புகாராகப் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் பதிந்த முறையீட்டுக்கே பதில் கிடைக்கும்.

இவ்வளவும் சொன்னதன் சாரம் ஒன்றே. சர்க்கார் ஓர் உரிமையை வழங்கிவிட்டாலும், அது உரியவர் கையில் சேருவதற்கு இடையே ஒருவர் நின்று உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர், கைபேசியைக் கையாளத் தெரிந்த மகனோ, மருமகளோ, பேரனோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ ஆக வேண்டும். நோய் வந்து படுத்தபின் ஓடித் திரிவதினும், அவர்கள் நலமாக அமர்ந்து பேசும் காலத்திலேயே இதைச் செய்துவிடுவது நம் கடமை. நேரமில்லை என்பாரிடம் நான் கேட்டுக்கொள்வது சிறிதே: அடுத்த விடுமுறை நாளில் உங்கள் வீட்டுப் பெரியவரின் ஆதாரை எடுத்துப் பாருங்கள், அதில் இணைந்துள்ள கைபேசி எண் இன்று உயிரோடிருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். அந்த ஒரு விசாரணையிலிருந்து மற்றவையெல்லாம் வரிசையாகத் தொடரும்.