பட்டமும் கணக்கும்: சேதுக் கால்வாய் வாதத்திலிருந்து ஒரு பொருளியல் பாடம்

நம் மாவட்டத்தின் நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படிப்பது நல்லது. இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவில், தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் வரை மணல் தீடைகள் வரிசையாகக் கிடக்கின்றன. இராமர் சேது என்று ஒரு சாராரும் ஆதாம் பாலம் என்று இன்னொரு சாராரும் அதனை அழைக்கின்றனர். அங்கே தண்ணீர் ஆழம் மிகக் குறைவு. ஆகவே தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல் இலங்கையையே சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

தீடையை வெட்டி வழி செய்தால் என்ன என்று 1860-இலேயே டெய்லர் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி யோசனை சொன்னார். விடுதலைக்குப் பின், 1955-இல் இராமசாமி முதலியார் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. இப்படிப் பல காலம் பேச்சாகவே இருந்த திட்டத்தை 2005 ஜூலை 2-ஆம் நாள் மதுரையில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். கால்வாயின் நீளம் 167 கிலோமீட்டர், அகலம் 300 மீட்டர், ஆழம் 12 மீட்டர். மதிப்பீடு சுமார் 2,427 கோடி ரூபாய்.

கால்வாய் வேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. அதைப் பற்றி நம் நாட்டார் எப்படி வாதிட்டார்கள் என்பதே நமக்குப் பாடம். ஒரு பொருளாதாரக் கேள்வியை யார் பேசலாம், யார் சொல்வதை நம்பலாம், எதிர்த்துப் பேசுகிறவரை எப்படி நடத்தலாம் என்ற மூன்றும் அந்த ஒரே வாதத்தில் ஒன்றாக வந்து சிக்கிக்கொண்டன.

முதலில் கணக்கு. கால்வாயால் 424 கடல் மைல் வரையிலும் 30 மணி நேரம் வரையிலும் மிச்சமாகும் என்று திட்டத்தார் கூறினர். இதை நாமே சரிபார்க்கலாம். ஒரு சரக்குக் கப்பல் மணிக்கு 14 கடல் மைல் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். 424-ஐ 14-ஆல் வகுத்தால் 30 வருகிறது. சரிதான். ஆனால் கப்பல் கால்வாய்க்குள்ளும் அதே வேகத்தில் ஓடுமா? வெட்டிய வழியில் மெதுவாகத்தான் போக வேண்டும். 167 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 90 கடல் மைல். அதை 14 மைல் வேகத்தில் கடக்க ஆறரை மணி நேரம் போதும். வேகத்தை 8 மைலாகக் குறைத்தால் பதினொன்றேகால் மணி நேரம் ஆகும். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இங்கேயே கரைந்துவிடுகிறது. வழிகாட்டும் மாலுமி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரம் தனி. இந்தக் கணக்கைப் போட எட்டாம் வகுப்புக் கணிதம் போதும் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது கேள்வி இன்னும் நுட்பமானது. கப்பல் எங்கிருந்து வருகிறது? 424 மைல் என்பது இந்தக் கரையிலேயே, தூத்துக்குடிப் பக்கம், புறப்படும் கப்பலுக்கு உரிய கணக்கு. ஐரோப்பாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ கல்கத்தாவுக்குப் போகிற கப்பல் தூத்துக்குடிக்கு வந்து திரும்புவதில்லை; நடுக்கடலிலேயே இலங்கையின் தென்முனையை நோக்கி நேராகத் திரும்பிவிடும். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிறவருக்கு இராமநாதபுரத்தில் குறுக்குச் சாலை போட்டதால் என்ன லாபம்? அது போலத்தான் இதுவும். ஜேக்கப் ஜான் என்ற பொருளியலாளர் இதைக் கணக்கிட்டு, 2007 ஜூலையில் ‘எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி’ இதழில் எழுதினார். அப்படிப்பட்ட கப்பல்களுக்குச் சராசரியாக 8 மணி நேரமே மிச்சமாகும் என்றார். திட்டமிட்ட சுங்கத்தைக் கட்டினால் ஒரு பயணத்துக்கு 4,992 டாலர் வரை நட்டம் வரும் என்றும், அவர்களுக்குக் கட்டுப்படியாகும்படி சுங்கத்தைக் குறைத்தால் திட்டத்தின் வருவாய் வீதம் 2.6 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும் என்றும் காட்டினார். வங்கியில் போடும் வைப்புத் தொகைக்குக்கூட அதைவிட அதிக வட்டி கிடைக்குமே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே.

இதற்குத் தக்க மறுப்பு என்ன? ‘உங்கள் வேகக் கணக்கு தவறு’ என்று காட்டலாம். ‘உள்நாட்டுக் கப்பல் போக்குவரத்தை நீங்கள் குறைத்து மதிப்பிட்டீர்கள்’ எனலாம். ‘தூத்துக்குடித் துறைமுகம் வளர்வதால் தென்மாவட்டங்களுக்கு வரும் வேலைவாய்ப்பை உங்கள் கணக்கில் சேர்க்கவில்லை’ என்றும் கேட்கலாம். இவையெல்லாம் நல்ல வாதங்கள். ஆதரவாளரிடம் இவை இல்லாமலும் இல்லை.

ஆனால் அந்த ஆண்டு நாட்டின் காதில் விழுந்தது வேறு. தீடையை இராமர் கட்டினாரா என்பதே பேச்சாயிற்று. இந்தியத் தொல்லியல் துறை உச்ச நீதிமன்றத்தில் தந்த பிரமாணப் பத்திரம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பவே, 2007 செப்டம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. அதே நாட்களில், இராமர் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தார் என்று அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி கேட்டார். கேள்வியில் அவருக்கே உரிய கிண்டல் இருந்தது; கப்பலுக்கு எத்தனை மணி நேரம் மிச்சம் என்பதற்கு விடை இல்லை. பலருடைய மனம் புண்பட்டது. புண்பட்டவர்களுள் சிலரோ அதைவிடக் கொடிய வழியில் இறங்கினர். வடநாட்டில் ஒருவர் முதலமைச்சரின் தலைக்குப் பொன்னை விலையாக அறிவித்தார். பெங்களூரு அருகே தமிழ்நாட்டுப் பேருந்து ஒன்று கொளுத்தப்பட்டு இருவர் மாண்டனர். அவர்களுக்கும் தீடைக்கும் என்ன தொடர்பு? சென்னையில் எதிர்க்கட்சி ஒன்றின் அலுவலகம் தாக்கப்பட்டது. திட்டத்தைக் குறை சொன்னவர் தமிழர் வளர்ச்சிக்குப் பகைவர் என்றும், ஆதரித்தவர் தெய்வத்துக்குப் பகைவர் என்றும் மேடைக்கு மேடை பேசினார்கள். இரண்டு மாதங்களுக்கு முன் அச்சான கணக்கை எடுத்துப் பார்த்தவர்கள் சிலரே.

‘எந்தக் கல்லூரியில் படித்தாய்?’ என்ற கேள்வியைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அது எப்போதுமே கெட்ட கேள்வி அன்று. நோயாளி மருத்துவரின் பட்டத்தைப் பார்ப்பதில் பிழையில்லை. எல்லாவற்றையும் நாமே சோதித்துப் பார்க்க ஆயுள் போதாது. சேதுக் கால்வாயைப் பற்றியும் துறை அறிந்தவர்கள் பேசினார்கள். சுனாமி ஆய்வாளர் டாட் மூர்த்தி, பேரலை வந்தால் கால்வாய் அதன் வேகத்தைத் தென்கேரளத்தின் பக்கம் திருப்பக்கூடும் என்று எச்சரித்தார். புவியியலறிஞர் சி.பி. ராஜேந்திரன் வண்டல் படிவதைப் பற்றி எழுதினார். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன் எச். பாலகிருஷ்ணன் கப்பலோட்டும் அனுபவத்தைக் கொண்டு நேரக் கணக்கை மறுத்தார். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிலையம் திட்டத்துக்குச் சாதகமான தாக்க ஆய்வைத் தந்தது. எல்லாரும் பட்டம் பெற்றவர்களே. பட்டத்தைப் பட்டத்தோடு மோதவிட்டால் யார் வெல்வது? சுனாமியைப் பற்றி மூர்த்தி சொல்வதற்கு எடை உண்டு. அதே மூர்த்தி கப்பல் சுங்கத்தைப் பற்றிச் சொன்னால் நம்மைப் போன்ற ஒருவர் சொன்னதாகவே கொள்ள வேண்டும். மேலும், யாருடைய பணத்தில் யார் எழுதினார் என்று கேட்பதும் தகும். அது வசை அன்று. எனினும் அந்தப் பதிலோடு கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணினால் நாம் ஏமாந்தோம்; கூலி வாங்கியவரும் சரியாகக் கூட்டியிருக்கலாம்.

கடலுக்கு அப்பாலிருந்து ஒரு நிகழ்ச்சி. கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு புகழ்பெற்ற பொருளியலறிஞர்கள் 2010-இல் ஒரு கட்டுரை எழுதினர். நாட்டின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி மிகவும் தளர்ந்துவிடும் என்றது அது. அரசுகளின் செலவைக் குறைக்க வேண்டும் என்றவர்கள் அதை மேற்கோளாக எடுத்தாண்டனர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. மாணவன்தான் தவறியிருப்பான் என்றே முதலில் ஆசிரியர்களும் எண்ணினர். அவர் கேட்டவுடன் ரைன்ஹார்ட் அம்மையார் தம் கணக்குத் தாளையே அனுப்பி வைத்தார். அதில் ஐந்து நாடுகள் கூட்டலில் விடுபட்டிருந்தன. சராசரி எடுத்த முறையிலும் வேறு குறைகள் இருந்தன. மூலக் கட்டுரையில் வளர்ச்சி -0.1 விழுக்காடு, ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் திருத்தி 2013-இல் வெளியிட்ட கணக்கில் 2.2 விழுக்காடு.

கூட்டல் பிழையை அறிஞர்கள் ஒப்புக்கொண்டனர். அடிப்படை முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. பின்னர் வாதம் சூடேறியது. நோபல் பரிசு பெற்ற பால் குரூக்மன் தங்களிடம் மரியாதையின்றி நடந்துகொண்டார் என்று இருவரும் அவருக்கே கடிதம் எழுதும் அளவுக்குப் போயிற்று. நாம் நினைவில் வைக்க விரும்புவது அந்தக் கடிதத்தை அன்று. பெயர் தெரியாத ஒரு மாணவருக்குப் பேராசிரியை அனுப்பிய கணக்குத் தாளை. அது வராமலிருந்தால் பிழை வெளியே வந்திராது.

இனி நம் கரைக்கு வருவோம். 2004, 2005-இல் கடலோர மாவட்டங்களில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. மீனவர் கேட்டவை எளிய கேள்விகள். வாரும் மண்ணை எங்கே கொட்டுவீர்கள்? கப்பல் போகும் வழியை நாட்டுப்படகு எப்படிக் குறுக்கே கடக்கும்? வலை கிழிந்தால் யார் பொறுப்பு? வாடைக் காற்று வீசும் மாதங்களிலும் கச்சான் வீசும் மாதங்களிலும் நீரோட்டம் மாறுகிறது, தீடையும் இடம் மாறுகிறது. இன்று தோண்டிய பள்ளம் நாளை நிற்குமா? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக இருப்பதையும் அவர்கள் நன்கு அறிவார்கள். அங்கே பாசி எடுக்கப் போகும் பெண்களே அதற்குச் சாட்சி. இந்தக் கேள்விகளுக்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. அதிலும் கடைசிக் கேள்வி நேரே கணக்கைத் தொடுகிறது. ஆண்டுதோறும் எவ்வளவு மணல் வந்து விழும் என்று தெரியாமல் பராமரிப்புச் செலவை எழுத முடியாது. அச்செலவு தெரியாமல் லாபத்தையும் எழுத முடியாது. புவியியலறிஞர் வண்டலைப் பற்றி எழுதியதும் படகோட்டி தீடையைப் பற்றிச் சொன்னதும் ஒரே பொருள்தான். அதற்காக, படகோட்டி சொல்வதெல்லாம் வேதவாக்கு என்றும் கொள்ள வேண்டாம். கப்பல் வந்தால் மீன் அடியோடு போய்விடும் என்று ஒருவர் சொன்னால், எந்த மீன், எத்தனை பாகம் ஆழத்தில் என்று அவரிடமும் பணிவோடு கேட்க வேண்டும். நம் பெற்றோரில் பலர் அத்தொழிலில் இருப்பதால் இதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

தீடையில் வேலை 2007-இல் நீதிமன்றத் தடையால் நின்றது. 2008-இல் ஆர்.கே. பச்சௌரி தலைமையில் மாற்று வழியை ஆராயக் குழு அமைக்கப்பட்டது. அந்த மாற்று வழி பொருளாதாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒவ்வாது என்று அது முடிவு கூறிற்று. அதற்குள் 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகியிருந்தது. தீடைக்குச் சேதமில்லாத வேறு வழியைப் பார்ப்பதாக 2018-இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. திட்டத்தை நிறைவேற்ற வேண்டும் என்று 2023 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது.

எனவே வாதம் மறுபடியும் வரலாம். அப்போது பழைய எண்கள் உதவா. 12 மீட்டர் ஆழத்தில் சுமார் 10 மீட்டர் நீரில் அமிழும் கப்பலே போக முடியும். 2005-க்குப் பிறகு சரக்குக் கப்பல்கள் பெருத்துவிட்டன. எரிபொருள் விலை மாறிவிட்டது, டாலரின் மதிப்பும் மாறிவிட்டது. மேல்நிலை வகுப்புப் பொருளியல் மாணவியருக்கு ஒரு பயிற்சி: மேலே நாம் போட்ட நேரக் கணக்கை 12 மைல் வேகத்துக்கும் 16 மைல் வேகத்துக்கும் மறுபடி போட்டுப் பாருங்கள். மெதுவாகப் போகும் கப்பலுக்கு லாபம் கூடுகிறதா, குறைகிறதா என்று கண்டபின், உங்கள் தாளைப் பக்கத்து மாணவியிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்லுங்கள்.