திருப்பிப் போடுவதில் என்ன ஆராய்ச்சி?

அன்புள்ள மாணவிக்கு,

கருத்தரங்கு முடிந்து எல்லோரும் காப்பிக்குக் கிளம்பிய நேரத்தில் நீ கேட்டாயே, "ஊசி போடுறோம், டிரெஸ்ஸிங் பண்றோம், திருப்பிப் போடுறோம். டாக்டர் எழுதினதைத்தான் செய்யறோம். இதுல பி.எச்.டி. வரைக்கும் போய் ஆராய என்ன மேடம் இருக்கு?" என்று. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. உன் மேல் எனக்குக் கோபமில்லை. உன்னை இப்படி நினைக்கப் பழக்கியவர்கள் மேல்தான் கோபம். மே 12, செவிலியர் தினம் வந்தால் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்து, வெள்ளுடை தேவதைகள் என்று மேடையில் புகழ்கிறார்கள். தேவதைக்கு எதற்கு ஆராய்ச்சி? கருணை போதாதா?

போதாது அம்மா. கருணையும் கைப்பழக்கமும் சேர்ந்து பல தலைமுறையாக ஒரு வீண் வேலையை எப்படிச் செய்துவந்தன என்பதற்கு உன் வார்டிலேயே சாட்சி இருக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியின் முதுகில் ஸ்பிரிட் தேய்த்து, மேலே பவுடர் தூவுகிறோமே, அதுதான். அறையே மணக்கும். வீட்டாருக்கும் மனசு நிறைந்துவிடும். அதனால் படுக்கைப் புண் தடுக்கப்படுகிறதா என்று யாராவது எப்போதாவது கேட்டார்களா?

கேட்டவர் ஒரு செவிலியர்தான். டோரீன் நார்ட்டன். படுக்கைப் புண் ஆபத்தை அளக்கும் அவருடைய அளவுகோலின் ஐந்து தலைப்புகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாய். 14 அல்லது அதற்கும் கீழே போனால் ஆபத்து என்பதும் உனக்குத் தெரியும். அந்த அளவுகோல் எதற்காகப் பிறந்தது என்பதைத்தான் நாங்கள் வகுப்பில் சொல்லித்தருவதில்லை. தேர்வில் கேட்கவும், நோயாளியின் கோப்பில் நிரப்பவும் அது உருவாகவில்லை. அது ஓர் ஆராய்ச்சிக் கருவி. லண்டனில் முதியோர் வார்டுகளில் சோப்பு, ஸ்பிரிட், எண்ணெய், களிம்பு என்று ஆளுக்கொரு பொருளை முதுகில் தேய்த்துக்கொண்டிருந்த காலம் அது. எதைத் தேய்த்தால் பயன் என்று ஒப்பிட வேண்டுமானால், இந்த நோயாளியும் அந்த நோயாளியும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கிறார்களா என்பது முதலில் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் அந்த மதிப்பெண்கள். நார்ட்டனும், உடன் பணியாற்றிய செவிலியர் மெக்லாரனும், முதியோர் மருத்துவர் எக்ஸ்டன்-ஸ்மித்தும் 1962இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். எதைத் தேய்த்தாலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. உடம்பின் எடை ஒரே இடத்தில் அழுந்தாமல் வேளை தவறாமல் திருப்பிப் போட்டதில்தான் பயன் இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு எக்ஸ்டன்-ஸ்மித் இன்னொருவரோடு சேர்ந்து செய்த வேலை எனக்கு இதைவிடவும் பிடித்தது. வயதானவர்களின் படுக்கையில் ஒரு கருவியைப் பொருத்தி, இரவில் அவர்கள் தாமாக எத்தனை தடவை அசைகிறார்கள் என்று எண்ணினார்கள். ஐம்பது தடவைக்கு மேல் அசைந்தவர்களுக்குப் புண் வரவில்லை. இருபதுக்கும் குறைவாக அசைந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வந்தது. நீயும் நானும் தூக்கத்தில் புரளுகிறோமே, அது வெறும் புரளல் இல்லை. உடம்பு தனக்குத் தானே செய்துகொள்ளும் செவிலியம். அது நின்றுபோனவருக்கு நம் கை அந்த வேலையைச் செய்கிறது. இப்போது சொல், திருப்பிப் போடுவது டாக்டர் எழுதிக் கொடுத்துச் செய்யும் எடுபிடி வேலையா?

இதில் ஒரு பழைய வழக்கும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நரம்பியல் மேதை ஷார்கோ, நரம்பு மண்டலம் கெட்டதன் விளைவே இந்தப் புண் என்றார். மேதை சொல்லிவிட்டார், இனி செவிலியர் என்ன செய்தும் பயனில்லை என்றாகிவிட்டது. அதே காலத்தில் நைட்டிங்கேல், படுக்கைப் புண் வந்தால் குற்றம் பெரும்பாலும் நோயின் மேல் இல்லை, பராமரிப்பின் மேல்தான் என்று தம் சிறு நூலில் எழுதிவிட்டார். விளக்கு ஏந்திய படத்தை மாட்டி வைப்பவர்கள் அந்த நூலைப் படிப்பதில்லை. மிகக் கறாரான நூல் அது. தேவதைச் சாயலே கிடையாது.

நூல் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் உன் வயதில் படித்து, இன்றும் அவ்வப்போது எடுத்துப் புரட்டுவது டாரதி கிளார்க் வில்சன் எழுதிய 'டேக் மை ஹேண்ட்ஸ்'. வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸின் வாழ்க்கை. 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய்ப் பயின்று வந்து, 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் தொடங்கக் காரணமானார். அவரைக் கை அறுவை சிகிச்சைப் பக்கம் திருப்பிய மருத்துவர் பால் பிராண்டும் இந்தப் புண் விஷயத்தைத்தான் வேறு முனையிலிருந்து பிடித்தவர். தொழுநோயாளியின் விரல்கள் அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் காயம் மேல் காயம் பட்டுத் தேய்கின்றன என்று காட்டினார். வலி தெரியாத பாதமும் அசையாத முதுகும் ஒரே ஆபத்தில் இருக்கின்றன. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு, நாற்காலியில் கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக்கொள்ளவும், கைக்கண்ணாடியில் தன் தோலைத் தானே பார்த்துக்கொள்ளவும் கற்றுத்தருகிறோம். சுகாதார மேம்பாடு என்று நீங்கள் தேர்வில் இரண்டு பக்கம் எழுதுவது இதைத்தான். நோயாளியே தனக்குச் செவிலியர் ஆகிறார்.

எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. என் மாணவர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். ஒரு மருத்துவமனையை எடைபோட வேண்டுமானால் வரவேற்பறைச் சலவைக்கல்லைப் பார்க்காதே, படுத்திருப்பவரின் குதிகாலைப் பார். முதுகையாவது யாராவது பார்ப்பார்கள். குதிகால் போர்வைக்குள் மறைந்து கிடக்கும். கெண்டைக்காலின் கீழ் ஒரு தலையணையை நீளவாக்கில் வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்திருந்தால், அந்த வார்டில் படித்தவர் ஒருவர் பணியில் இருக்கிறார் என்று அர்த்தம். குதிகாலுக்குக் கீழேயே தலையணையை வைத்திருந்தால், பார்த்துக் கற்றுக்கொண்டதாக அர்த்தம்.

பாடநூல் மேலும் எனக்கு ஒரு குறை. தோல் சிவந்திருந்தால், விரலால் அழுத்தும்போது வெளுக்கிறதா பார் என்கிறது. சரி, யாருடைய தோல்? நம் ஊர் மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு எங்கே தெரியும்? வெளுப்பது எங்கே தெரியும்? கொஞ்சம் கூடுதலாகக் கறுத்தோ ஊதா படர்ந்தோ இருக்கும், அவ்வளவுதான். புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, அல்லது சொதசொதவென்று இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா? கண்ணால் கண்டுபிடிக்கும் முன் கை கண்டுபிடிக்க வேண்டும். இப்படி நிறம் மாறிய இடத்தை "ரத்த ஓட்டம் வரட்டும்" என்று தேய்த்துவிடாதே. அடியில் ஏற்கெனவே நசுங்கிய திசு இன்னும் நசுங்கும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தையும் வைக்காதே. அழுத்தம் வளையத்தின் விளிம்புக்கு இடம் மாறுமே தவிர, போய்விடாது. வாடகைக்கு ஏர் பெட் எடுத்துப் போட்டுவிட்டோம், இனித் திருப்ப வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்களிடமும் பேசு. மோட்டார் ஓடினாலும் திருப்பத்தான் வேண்டும்.

ஆனால் "திருப்புங்கள்" என்று மிரட்டி மட்டும் காரியம் ஆகாது. 1982இல் சுகாதார மேம்பாட்டு மாதிரியை வகுத்த செவிலியர் நோலா பெண்டர், பயமுறுத்தலை அதில் சேர்க்கவில்லை. செய்ய விடாமல் தடுப்பது எது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். எழுபது கிலோ மாமியாரைத் தனியாளாகத் திருப்பும் மருமகளுக்குப் புண்ணைப் பற்றிய படமும் பயமும் எதற்கு? நான்காக மடித்த ஒரு பழைய போர்வையை இடுப்புக்கடியில் விரித்து, அதைப் பிடித்துத் திருப்பக் காட்டிக்கொடு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டு வாசலுக்கே போகிறார். அங்கே காட்டுவதற்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்று, "யார் மேடம் திருப்புறது? ஒரு நைட்டுக்கு ஒரு ஸ்டாஃப்" என்பாய். நியாயம்தான். அந்த நியாயத்தையும் கணக்கில் கொண்டுவந்தவர் ஒரு செவிலிய ஆய்வாளர். லிண்டா ஐக்கன், பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2002இல் எழுதினார். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. வார்டில் ஆள் போதவில்லை என்று நாம் புலம்பினால் அது புலம்பல். இப்படிக் கணக்கோடு போனால் அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாக வேண்டும்.

இனி உன் இறுதியாண்டுத் திட்டத்துக்கு வருகிறேன். "இன்னாரிடையே இன்னதைப் பற்றிய கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் திறன்" என்று நம் கல்லூரி நூலகத்தில் அலமாரி அலமாரியாக நிற்கிறதே, அதில் இன்னொன்றைச் சேர்க்காதே. முன்தேர்வு வை, பாடம் நடத்து, பின்தேர்வு வை. மதிப்பெண் கூடத்தான் செய்யும். பாடம் நடத்திய பிறகும் குறைந்தால்தான் செய்தி. உன் வார்டில் இரவு இரண்டு மணிக்குத் திருப்பியதாக அட்டவணையில் எழுதியிருக்கிறதே, அந்த நேரத்தில் நோயாளி உண்மையில் எந்தப் பக்கம் படுத்திருந்தார் என்று போய்ப் பார். எத்தனை குதிகால் மெத்தையில் கிடக்கிறது என்று எண்ணு. தலையணை வைக்கக் கற்றுக்கொடுத்த பிறகு, சொல்லாமல் போய்த் திரும்ப எண்ணு. நெறிமுறைக் குழுவின் அனுமதியை மட்டும் முதலில் வாங்கிக்கொள்.

தலைப்பை இந்த மாதத்துக்குள் எழுதி அனுப்பு. கேள்வித்தாள் மதிப்பெண்ணை மட்டும் அளக்கிற தலைப்பாக இருந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அன்புடன்,
உன் ஆசிரியை