நெட்டால் கரும்புச் சீமையும் செங்கற்பட்டுக் குடிகளும்

கரும்பு இப்பக்கத்துக் குடியானவர்களுக்குப் புதிய பயிரன்று. சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் தெற்கே படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஏற்பட்டதையும், ஏரிப் பாய்ச்சலில் கரணை நட்டவர்கள் வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்ததையும் சங்க அங்கத்தினர்கள் அறிவார்கள். ஆனால் அவ்வாலை ஏற்படுவதற்கு வெகு காலம் முன்பே இந்த ஜில்லாவின் குடிகள் கடல் கடந்து போய்த் தென்னாப்பிரிக்காவின் நெட்டால் நாட்டில் கரும்பு வெட்டினார்கள். அவர்களுக்கு அங்கே நேர்ந்தவை, ஒரகடம் சாலையில் தொழிற்சாலைகளுக்கு நடுவே இன்றும் ஏர் பூட்டுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டியவை.

இப்போது டர்பன் நகருக்குப் போகும் பிரயாணி இறங்கும் விமான நிலையமே கரும்புக் கொல்லைகளாக இருந்த நிலத்தில் 2010-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து வடக்கே டொங்காட், ஸ்டாங்கர் ஆகிய ஊர்களை நோக்கிப் போனால் சாலையின் இருபுறமும் மேடும் பள்ளமுமான குன்றுகளின் மேல் கரும்பு நிற்கும். நம்மவர் கண்ணுக்கு இது விந்தையாகப் படும். நமக்குக் கரும்பென்றால் சமநிலம், மதகு, வாய்க்கால். அங்கே கடலோரக் கரும்பு பெரும்பாலும் மழையை நம்பிய பயிர். மழைக்காலமும் ஐப்பசியில் தொடங்கிப் பங்குனி வரையில் நீள்வது. அதுவே அவர்களுக்குக் கோடை. ஒரு முறை நட்டபின் மறுதாம்பு பல தடவை விடுகிறார்கள். சோகையைக் கொளுத்திவிட்டு வெட்டுவதும் அங்கே நெடுநாளைய வழக்கம். வெட்டிய கரும்பு நாள் கடந்தால் சத்துக் குறையும் என்பதை நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகையால் ஆலையின் கையை எதிர்பாராமல் எந்தக் கரும்புக் குடியானவனும் இருக்க முடியாது. டொங்காட் பெயரைத் தாங்கிய பெரிய சர்க்கரைக் கம்பெனி 2022 அக்டோபரில் கடன் சுமையால் மீட்பு நிர்வாகத்தின் கீழ் வந்தபோது, அதற்குக் கரும்பு போடும் சிறு குடியானவர்கள் கலங்கியதற்குக் காரணம் இதுவே.

அவ்வூர்களில் கோபுரங்கள் தென்படும். தைப்பூசத்தில் காவடி எடுக்கிறார்கள். இவற்றை நாட்டியவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் சேர்ந்தது. 1911 வரையில் இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 1,52,000 பேர் அவ்வாறு போனார்கள். அவர்களில் தமிழர் திரளாகப் போன ஜில்லாக்களில் வட ஆற்காடும் செங்கற்பட்டும் முக்கியமானவை. முதல் வருஷத்துச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், அதாவது அக்கால நாணய விகிதப்படி 5 ரூபாய். அதனோடு அரிசி, பருப்பு முதலிய படி உண்டு.

கணக்கு எஜமானனிடம் இருந்தது. ஒப்பந்தம் முடித்து 1871-இல் திரும்பி வந்தவர்கள், சம்பளம் அநியாயமாகப் பிடிக்கப்பட்டதென்று சர்க்காரிடம் முறையிட்டார்கள். அதன் பேரில் 1872-இல் நெட்டாலில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1866 முதல் நின்றிருந்த ஆள் ஏற்றுமதி 1874-இல்தான் மறுபடி தொடங்கிற்று. எழுத்தறியாத கூலிகள் தோட்டத்தில் தனித்தனியே சொன்னபோது ஏறாத வார்த்தை, ஒன்று கூடிச் சொன்னபோது ஏறியது. பிறகு, ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குகிறவர்கள் மீது வருஷத்துக்கு 3 பவுன் வரி விதித்து 1895-இல் சட்டம் வந்தது. மாதம் 14 ஷில்லிங் சம்பாதிப்பவனுக்கு அது நான்கு மாதச் சம்பளத்துக்கு மேல். 1913-இல் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்தில் தோட்டத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் வேலையை நிறுத்தினார்கள். 1914-இல் அவ்வரி ஒழிந்தது.

இவ்வளவையும் பொறுத்துத் தங்கியவர்களில் பலர் டர்பனைச் சுற்றி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறியும் மக்காச்சோளமும் பயிரிட்டார்கள். நகரத்தில் காய்கறி மலிந்தது இவர்களால்தான் என்பதை அந்நாட்டு வெள்ளையரே ஒப்புக்கொண்டனர். 1910-இல் நகரசபை இவர்களுக்கென்று விடியற்காலைச் சந்தை ஒன்று ஏற்படுத்தியது; அது 1934-இல் வார்விக் என்னும் இடத்துக்கு மாறிற்று. இருட்டில் கூடை கட்டிச் சந்தைக்குப் போகும் கஷ்டம் நம் கத்தரிக்காய்க் குடியானவர்களுக்கும் தெரிந்ததே.

ஆனால் சந்தை நிலைத்த அளவுக்கு நிலம் நிலைக்கவில்லை. டர்பனுக்குத் தெற்கே கிளேர்வுட் முதலிய தாழ்ந்த நிலங்கள் தோட்டப் பயிருக்கு ஏற்றவை. அவையே தொழிற்சாலைகளுக்கும் ஏற்றவையாகக் காணப்பட்டன. 1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம் இந்தியர்களைப் பல இடங்களினின்றும் கிளப்பிற்று. 1951-இல் பழைய விமான நிலையமும், 1954-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அத்திசையில் எழுந்தன. கிரயப் பத்திரம் இருந்தவனும் இழந்தான். அவனுக்கு ஏதோ ஒரு தொகை கிடைத்தது. குத்தகைக்காரனோ பாத்தியில் நின்ற கீரையைக்கூட எடுக்க அவகாசம் கேட்கும் நிலையில் இருந்தான்.

டர்பனில் அந்த வரி தண்டப்பட்ட காலத்திலேயே, 1904-இல், அப்போதைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் இந்நாட்டின் முதல் கூட்டுறவு நாணயச் சங்கம் பதிவாயிற்று. கப்பலேறாமல் இருந்தவர்களுக்குக் கடன் வாங்கச் சொந்தச் சங்கம் கிடைத்தது. இருப்பினும் சங்கத்தின் வாயிலில் கேட்கப்படுவது சிட்டாவும் அடங்கலும். சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வட்டாரத்தில் நிலம் பலரிடம் கைமாறி மனைக்கும் ஆலைக்கும் போய்விட்டது. மிஞ்சியதில் ஒரு பகுதி வாய்வார்த்தைக் குத்தகையில் பயிராகிறது. உடையவர் எங்கேயோ பட்டணத்தில். உழுகிறவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவருக்குப் பயிர்க்கடன் கிடைப்பதும் பயிர் இன்ஷூரன்ஸில் சேர்வதும் கடினம். நிலம் எடுக்கப்படும் நாளில் அவரைக் கேட்பார் இல்லை.

இதற்கு 1969-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கிறது. குத்தகைதாரர் அதன்படி மனுச் செய்து தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். உடையவர் மனம் கோணுமென்று பலர் தயங்குவது உண்மை. அந்தப் பயம் காரணமில்லாததும் அன்று. ஆகையால் ஒருவர் தனியே போவதைவிட, அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் சங்கக் காரியதரிசி கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலைப் பார்த்து, குத்தகைக்குப் பயிரிடும் அங்கத்தினர்களின் ஜாபிதா ஒன்றைச் சர்வே எண்களோடு தயாரித்து வைப்பது நல்லது.