ஏற்றத்தில் நின்ற மோட்டார் வண்டியைக் கிளப்புதல்

சமதரையில் மோட்டார் ஓட்டப் பழகியவர்கள் மலைச்சாலைக்கு வரும்போது முதன்முதலில் இடர்ப்படுவது வளைவுகளிலன்று. ஏற்றத்தில் நிறுத்திய வண்டியை மீண்டும் கிளப்புவதிலேயாகும். கிளப்பும் கணத்தில் வண்டி முன்னே செல்லாமல் பின்னோக்கி உருள்கிறது. அல்லது எஞ்சின் நின்றுவிடுகிறது. பின்னால் மற்றொரு வண்டியோ, சாலையோரமாக நடந்து செல்லும் பள்ளிச் சிறுவரோ இருப்பின் அவ்வுருளல் பெருந்தீங்காய் முடியக்கூடும். இமாலயப் பகுதிகளில் துறை வண்டிகளைத் தாமே ஓட்டிச் செல்லும் களப்பணியாளர்களுக்கு இது அன்றாடச் சிக்கல். கையால் கியர் மாற்றும் கார்கள் பலவற்றில் இதற்கெனத் துணைச் சாதனம் ஒன்று இக்காலத்தில் அமைக்கப்படுகிறது. அதற்கு ‘ஏற்றப்பிடி’ என்று இக்கட்டுரையில் பெயரிடுவோம். அது எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை அறியுமுன், வண்டி பின்னோக்கி உருள்வதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

ஆட்களோடும் சாமான்களோடும் 1,200 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் நிற்பதாகக் கொள்வோம். அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1,170 நியூட்டன் விசை, சாலையின் வழியே அதைக் கீழ்நோக்கி இழுக்கின்றது. 120 கிலோகிராம் மூட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டி, அக்கயிற்றை வண்டியின் பின்புறத்தில் பிணைத்துத் தொங்கவிட்டாற் போன்றது இது. பிரேக்கை விட்டவுடன் இவ்விசை வண்டியை நகர்த்துகிறது. சக்கரங்களின் உருளல் தடையைக் கழித்தபின் எஞ்சும் முடுக்கம் வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 0.8 மீட்டர் எனக் கொள்ளலாம். அவ்வாறாயின் அரை வினாடியில் வண்டி உருளும் தொலைவு 10 சென்டிமீட்டரே. ஒரு வினாடியில் 40 சென்டிமீட்டர். இரண்டு வினாடியில் 1.6 மீட்டர், மூன்று வினாடியில் 3.6 மீட்டர். தொலைவு காலத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கின்றது என்னும் பள்ளிப்பாடம் இங்கே உயிர்ப்பிரச்சினையாகின்றது. பழகிய ஓட்டுநரின் வலக்கால் பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்கு மாறும் நேரத்தில் நிகழும் உருளல் ஒரு சாண் அளவைத் தாண்டாது. பதறிப்போனவர் இழக்கும் இரண்டு வினாடியோ, பின்னால் நிற்கும் வண்டியில் மோதுவதற்குப் போதுமானது.

இந்த இடைவெளி ஏன் ஏற்படுகின்றது? மிதிகள் மூன்று, கால்கள் இரண்டு என்பது ஒரு காரணம். இடக்கால் கிளச்சில் இருக்க, வலக்கால் ஒன்றே பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கவனிக்க வேண்டியுள்ளது. இதனினும் ஆழமான காரணம் எஞ்சினின் இயல்பில் உள்ளது. நீராவி எஞ்சினும் மின்மோட்டாரும் நின்ற நிலையிலேயே இழுக்கும் வல்லமை உடையவை. பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் அத்தகையன அல்ல. நிமிடத்துக்குச் சுமார் 700 அல்லது 800 சுற்றுக்குக் குறைவாக அவை சீராக ஓடமாட்டா. சுற்றாதபோது அவற்றுக்கு வலிமையே இல்லை. சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினையும் நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தையும் மெல்ல மெல்ல இணைத்து வைக்கும் உறுப்பே கிளச்சு. அதன் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி வழுக்கும் அச்சிறு பொழுதில்தான் சுமை பிரேக்கினின்றும் எஞ்சினுக்குக் கைமாறுகின்றது. கைமாறும்போது நடுவே யாரும் தாங்காத கணம் ஒன்று உண்டானால் வண்டி உருளும்.

அக்கணம் உண்டாகாதபடி செய்வதே ஓட்டுநரின் திறமை. இதற்குப் பழைய முறை கைப்பிரேக்கைப் பயன்படுத்துவதாகும். கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தி, முதல் கியரில் இட்டு, எஞ்சினுக்குச் சிறிது எரிபொருள் கொடுத்துக்கொண்டு, கிளச்சு மிதியை மெதுவாக மேலே விட வேண்டும். ஓரிடத்தில் எஞ்சினின் ஓசை தணியும். வண்டியின் முன்பகுதி சற்றே நிமிரும். தட்டுகள் பற்றத் தொடங்கிவிட்டன என்பதற்கு இவையே அடையாளம். அந்நிலையில் கால்களை அசைக்காது கைப்பிரேக்கை விட்டால் வண்டி ஓரங்குலமும் பின்வாங்காமல் ஏறும். ஏற்றம் சிறிதாயின் கால்பிரேக்கை மிதித்தவாறே கிளச்சைப் பற்றும் நிலைக்குக் கொணர்ந்து, பின்னர் வலக்காலை மாற்றுவதும் உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் உரிமம் கோருபவர் தேர்வில் செய்து காட்ட வேண்டியவற்றுள், செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்திப் பின்னோக்கி உருளாமல் மீண்டும் கிளப்புவதையும் சேர்த்துள்ளன. குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற சாலை விதிக்கும் இதுவே அடிப்படை. இறங்குபவர் நின்று கிளம்புவது எளிது. ஏறுபவருக்கு அது அவ்வளவு எளிதன்று.

சிலர் கைப்பிரேக்கும் இன்றி, கால்பிரேக்கும் இன்றி, கிளச்சைப் பாதி பற்றவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை ஏற்றத்தில் அசையாமல் நிறுத்தி வைப்பர். பார்ப்பதற்கு இது தேர்ச்சி போலத் தோன்றும், உண்மையில் பெருங்கேடு. முன் கூறிய காரையே எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர், முதல் கியரின் மொத்த விகிதம் 14 என வைத்தால், வண்டியைத் தாங்கக் கிளச்சு தர வேண்டிய முறுக்குவிசை சுமார் 25 நியூட்டன் மீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றினால் கிளச்சுத் தட்டுகளின் உராய்வில் வெப்பமாய் மாறும் ஆற்றல் ஏறத்தாழ 3.9 கிலோவாட்டு. வீட்டில் பயன்படும் ஒரு கிலோவாட்டு மின்னடுப்புகள் நான்கினை மூடிய பெட்டிக்குள் எரியவிட்டதற்கு இது ஒப்பாகும். ஒரு நிமிடத்தில் தோன்றும் வெப்பம் ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை 56 பாகை உயர்த்தப் போதுமானது. மலை நகரங்களின் நெரிசலில் மூக்கைத் துளைக்கும் கருகல் நாற்றம் பெரும்பாலும் இதனால் எழுவதே. நின்றால் பிரேக்கில் நிற்க வேண்டும், கிளச்சில் நிற்கலாகாது.

இனி ஏற்றப்பிடிக்கு வருவோம். தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடுவதை நம்மவர் அறிவர். மலைப்பாதையில் லாரியின் கிளீனர் பின்சக்கரத்தின் கீழ் மரக்கட்டை வைப்பதும் அதுவே. தடை என்னும் பொருளில் நாம் இழிவாக வழங்கும் அச்சொல் உண்மையில் உயிர்காக்கும் கருவியொன்றின் பெயர் என்பது நினைக்கத்தக்கது. காருக்குள்ளேயே இவ்வேலையைச் செய்யும் அமைப்பை அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் 1936-ஆம் ஆண்டுக் கார்களில் கொணர்ந்தது. பிரேக்குத் திரவம் செல்லும் குழாயில் ஒரு சிறு அறையும் அதனுள் உருளும் ஒரு குண்டும் இருந்தன. வண்டி மேல்நோக்கி நிற்கும்போது குண்டு பின்னே உருண்டு வந்து வழியை அடைக்கும். கிளச்சு மிதி அழுந்தியிருக்கும் வரை, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் சக்கரங்களில் அழுத்தம் நீங்காது. கிளச்சை விடும்போது அதனோடு இணைந்த நெம்புகோல் குண்டைத் தள்ளி வழியைத் திறக்கும். மின்சாரமும் கணிப்பொறியும் இன்றிப் புவியீர்ப்பைக் கொண்டே புவியீர்ப்பை வென்ற இவ்வெளிய அமைப்பு மிகவும் பாராட்டுக்குரியது.

இன்றைய அமைப்பு வேறுவகை. வண்டி சறுக்கித் திசைமாறாமல் காக்கும் மின்னணு நிலைப்பாட்டுக் கருவி 1995-இல் கார்களில் இடம்பெறத் தொடங்கியது. சக்கரந்தோறும் பிரேக்கு அழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் பிடித்து வைக்கவும் வல்ல மின்கட்டுப்பாட்டு வால்வுகள் அதில் முன்னமே இருந்தமையால், ஏற்றப்பிடிக்குத் தனி உறுப்பு மிகுதியாகத் தேவைப்படவில்லை. சாய்வை அறிவது முடுக்கமானி. வண்டி நின்றிருக்கும்போது அது காட்டும் அளவு, புவியீர்ப்பு முடுக்கத்தில் சாலையின் வழியே அமையும் கூறே. பத்துக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில் அது 0.98. சக்கரங்கள் நின்றுள்ளன, கியர் மேலேறும் திசையில் உள்ளது, கிளச்சு அழுந்தியுள்ளது என்பன உறுதியானவுடன், ஓட்டுநர் பிரேக்கை விட்டாலும் வால்வுகள் மூடி அழுத்தத்தைச் சிறைப்படுத்துகின்றன. எஞ்சின் போதிய விசையுடன் இழுக்கத் தொடங்கியதும், அல்லது ஏறத்தாழ இரண்டு வினாடி கழிந்ததும், அழுத்தம் விடப்படுகின்றது.

இந்த இரண்டு வினாடி என்னும் வரம்பே அனைவரும் மனத்திற் கொள்ள வேண்டியது. சாதனம் வண்டியைக் கிளப்புவதில்லை. கிளப்புவதற்கு அவகாசம் தருகின்றது, அவ்வளவே. அவகாசம் முடிந்தும் கிளச்சு பற்றாவிடில் வண்டி உருளத்தான் செய்யும். அது நிறுத்து பிரேக்கும் அன்று. ஏற்றத்தில் வண்டி அசையாமல் நிற்கிறதென்று நம்பி, கைப்பிரேக்கு இழுக்காமல் இறங்குபவர் தம் உயிரையும் பிறர் உயிரையும் இரண்டு வினாடிக்கு அடகு வைத்தவராவார். பனிபடிந்த சாலையில் சக்கரம் பூட்டியிருந்தும் டயரே வழுக்கக் கூடுமாதலால், அங்கே இச்சாதனத்தின் உதவி குறைவு. நிலைப்பாட்டுக் கருவியின் பழுது விளக்கு எரியுமாயின், அதே வால்வுகளை நம்பியிருக்கும் ஏற்றப்பிடியும் இராது என்றே கொள்ளுதல் நலம். களப்பணியாளருக்கு மற்றொன்று சொல்ல வேண்டும். இவ்வாண்டு புதிய கார் கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு முகாமில் பழைய ஜீப்பு வந்து நிற்கும். ஏற்றப்பிடியுள்ள காரிலேயே ஓட்டக் கற்றவர், கைப்பிரேக்கு முறையை ஆளற்ற ஏற்றம் ஒன்றில் பழகிக்கொண்ட பின்னரே அதில் ஏற வேண்டும்.

சாலையின் ஏற்றத்துக்கும் வரம்பு உண்டு. மலைப்பகுதிகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுகளின்படி, நூறு மீட்டருக்கு 5 மீட்டர் உயர்வதே பொதுவாகப் பின்பற்றத்தக்கது. தவிர்க்க முடியாத சிறு தொலைவுகளில் 7 வரை செல்லலாம். 3,000 மீட்டருக்கு உட்பட்ட செங்குத்தான நிலப்பகுதிகளில் இவை முறையே 6, 8. ஆனால் இவ்வளவுகள் வகுத்துக் கட்டிய சாலைகளுக்கே. கிராமத்துக்குப் பிரியும் பழைய பாதைகள் எவ்வளவையும் கருதி அமைந்தவை அல்ல. வளைவின் உட்புறம் குறுகிய தொலைவில் அதே உயரத்தை ஏறுவதால் வெளிப்புறத்தைவிடச் செங்குத்தாயிருக்கும். நிற்பதற்கு அது தகுந்த இடமன்று. உயரம் மிகும்போது காற்றும் மெலிகின்றது. 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதங் கணவாயில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் வலிமையும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். சமவெளியில் போதுமான ஆக்சிலரேட்டர் மிதி அங்கே போதாது. ஏற்றப்பிடி வண்டியைப் பிடித்திருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடுவது இத்தகைய இடங்களில் காணப்படுவதே. அவ்வாறாயின் உடனே கால்பிரேக்கையும் கைப்பிரேக்கையும் இட்டு, முதலிலிருந்து தொடங்குக.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டலாம். 2 மீட்டர் நீளமுள்ள வழவழப்பான பலகையின் ஒரு முனையை 20 சென்டிமீட்டர் உயர்த்துக. நன்றாக உருளும் பொம்மைக் காரின் எடையைச் சுருள்வில் தராசில் முதலில் அளந்து, பின் அதே தராசால் பலகையில் பிடித்து நிறுத்தினால், முள் பத்தில் ஒரு பங்கை ஒட்டிக் காட்டும். பிறகு மேல்முனையிலிருந்து 10, 40, 90 சென்டிமீட்டர் தொலைவுகளில் சுண்ணக்கட்டியால் கோடிடுக. ஒரு மாணவர் அரை வினாடிக்கு ஒருமுறை சீராகக் கைதட்ட, ஒரு தட்டின்போது காரை விடுக. அடுத்தடுத்த மூன்று தட்டுகளில் அது மூன்று கோடுகளையும் ஏறத்தாழக் கடந்து செல்லும். காரின் சக்கரங்கள் கனமாயிருந்தாலோ அச்சில் உராய்வு மிகுந்தாலோ சற்றே பின்தங்கும். அப்போது கோடுகளை 1, 4, 9 என்னும் விகிதம் மாறாமல் நெருக்கி வரைந்துகொள்க.