வெப்பப் பிரதேசத்தில் ஹாலிஹாக் வளர்ப்பு

நம் வீட்டு முற்றங்களில் செம்பருத்தி ஆண்டு முழுவதும் மலர்கின்றது. கொம்பை ஒடித்து நட்டாலும் அது தழைத்துவிடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹாலிஹாக் அவ்வாறன்று. ஆளுயரத் தண்டில் கீழிருந்து மேலாக வரிசையாய் மலரும் இச்செடியின் அழகில் மயங்கி, விதை வாங்கி விதைத்து ஏமாற்றமடைவோர் உண்டு. இதற்கு விதையைக் குறை கூறுமுன், எந்த இனத்தை எந்த மாதத்தில் விதைத்தோம் என்பதை ஆராய்தல் வேண்டும்.

1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு ‘அல்சியா ரோசியா’ என்று பெயரிட்டார். பருத்தி, வெண்டை, துத்தி ஆகியவை இதன் உறவினங்கள். டச்சுக்காரரின் மலபார் ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ்’ என்னும் நூலில் செம்பருத்தி இடம்பெற்றுள்ளது. அது கொச்சிச் சீமையின் வழக்கமான செடி. ஹாலிஹாக்கோ குளிர்காலத்தைக் கண்டு பழகிய செடி.

குளிரும் பூப்பும்

பழைய ஹாலிஹாக் இனங்கள் ஈராண்டுப் பயிர்கள். முதலாண்டில் இலைகள் மட்டுமே தரையையொட்டி வளரும்; குளிர்காலத்தைக் கடந்தபின் தண்டு எழும்பிப் பூக்கும். கொச்சி நகரின் கலூர் போன்ற பகுதிகளில் மார்கழி இரவிலும் உஷ்ணம் பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. எனவே, இவ்வினங்கள் அங்கே இலையாகவே நின்றுவிடக்கூடும். முதலாண்டிலேயே பூக்குமாறு தேர்ந்தெடுக்கப்பட்ட ‘மேஜரெட்’, ‘சம்மர் கார்னிவல்’ போன்ற வகைகளை நாடுவதே தக்கது.

விதைக்கும் காலம்

குளிர் நாடுகளில் கோடைத் தொடக்கத்தில் விதைப்பது வழக்கம். அந்நாட்டு நூல்கள் கூறும் மே, ஜூன் மாதங்களை அப்படியே கொள்ளுதல் இங்குப் பெரும் பிழையாகும். கொச்சியில் ஓராண்டில் பெய்யும் ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பொழிகின்றது. அப்போது முளைக்கும் நாற்றுகள் அழுகி மடியும். வட இந்தியச் சமவெளியில் செப்டம்பர், அக்டோபரில் விதைத்து பிப்ரவரி முதல் மலர் காண்கின்றனர். கொச்சியிலும் அக்டோபர் நடுவில், மழைச்சாரல் படாத இடத்தில் விதைத்தல் நலம்.

விதைப்பும் நடவும்

ஹாலிஹாக்கின் ஆணிவேர் ஆழமாக இறங்கும். அது முறிந்தால் செடி தேறுவது அரிது. ஆதலால், அடியில் துளையிட்ட சிரட்டைகளில் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, ஓரிரவு ஊறவைத்த விதைகளை இரண்டிரண்டாக அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இடுக. சுமார் இரு வாரங்களில் முளை தோன்றும். மெலிந்ததை நீக்கி ஒன்றை மட்டும் விடுக. நான்கைந்து இலைகள் விட்டதும், வேரைக் கலைக்காமல், நவம்பர் பிற்பகுதியில் வெயில் விழும் மேட்டுப் பாத்தியில் நடுக. உயர்ந்து வளரும் வகைகளுக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். தொட்டியாயின் 30 சென்டிமீட்டர் ஆழமேனும் தேவை. தண்டு எழும்பியதும் மூங்கில் குச்சியை ஊன்றிக் கட்டுக.

நோயும் பூச்சியும்

இலையின் அடிப்புறத்தில் செம்பழுப்புக் கொப்புளங்களாகத் தோன்றுவது துரு நோய். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூசணம் 1873-இல் இங்கிலாந்தை அடைந்து, அங்குள்ள ஹாலிஹாக் தோட்டங்களைப் பாழாக்கியது. ஈர இலையில் இது எளிதில் பரவும். எனவே, காலையில் வேரடியில் மட்டும் நீர் விடுக. நோயுற்ற இலைகளைக் கிள்ளி எரித்துவிடுக. வெண்டையைத் தாக்கும் பூச்சிகள் இதையும் நாடுமாதலால், வெண்டைப் பாத்திக்கு அருகில் நடலாகாது.

வித்துச் சேகரித்தல்

தக்க வகையாயின் பிப்ரவரி, மார்ச்சில் பூக்களை எதிர்பார்க்கலாம். காய்கள் பழுப்பேறி உலர்ந்ததும், வட்டமாய் அடுக்கியுள்ள தட்டை விதைகளைப் பிரித்து, ஈரம் புகாத சீசாவில் சேமிக்க. எல்லாச் செடிகளின் விதையையும் ஒன்றாகக் கலத்தல் கூடாது. முதலில் பூத்த செடிக்கு அடையாளக் கயிறு கட்டி, அதன் விதையை மட்டும் அடுத்த அக்டோபருக்கு வைத்துக்கொள்க. அயல் மகரந்தம் கலப்பதால் நிறம் மாறலாம். ஆயினும், குளிரின்றிப் பூக்கும் இயல்பைத் தலைமுறைதோறும் இவ்வாறு தேர்ந்தெடுத்துச் சென்றால், கடையில் வாங்கும் விதையைவிட நம் மண்ணுக்கு இசைந்த விதை நம் வீட்டிலேயே உருவாதல் கூடும்.