உவமையும் மருந்தும்

முகத்துக்குத் தாமரையை உவமை கூறுமிடத்து, ஒப்புமை ஒரு கூறு பற்றியதே. தாமரை நிற்கும் சேறு முகத்துக்கு உரியதன்று என மாணவர்க்குக் கற்பித்து வருகின்றோம். இச்சிறு பாடத்தை மறந்தமையால் மருத்துவ உலகில் நேர்ந்த பெரும்பிழை ஒன்றனை ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

மூளையிற் புற்றுக்கட்டி வளருங்கால் அதனைச் சூழ்ந்த பகுதி நீர் கோத்து வீங்கும். மண்டையோடு விரிந்து இடங்கொடாதாகலின், அவ்வீக்கம் மூளையை நெருக்கித் தலைவலியும் மயக்கமும் விளைக்கும். தெக்சாமெதசோன் என்னும் ஸ்டீரொயிட்டு மருந்து அவ்வீக்கத்தை விரைவில் தணிப்பதை அமெரிக்க வைத்தியர் 1961 இல் வெளியிட்டனர். கட்டியை அது அழிப்பதில்லை. எனினும் துன்பத்தைக் குறைக்கின்றது. இன்றும் அவ்வாறே பயன்படுகின்றது.

விபத்தில் அடிபட்ட மூளையும் வீங்குகின்றது. வீக்கத்துக்கு வீக்கம் ஒப்பாதலின் மருந்தும் ஒக்கும் எனக் கருதி, தலையில் அடிபட்டோர்க்கும் இவ்வினத்து மருந்துகளைப் பல நாடுகளிற் பல்லாண்டுகள் வழங்கி வந்தனர். வழங்கியோர் அறிவிலிகள் அல்லர். சிறு சோதனைகள் பல நடந்தும் ஐயம் தீரவில்லை.

இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியினர் 1999 இல் பெருஞ்சோதனை ஒன்றைத் தொடங்கினர். 49 நாடுகளில் 10,008 பேர் சேர்க்கப்பெற்றனர். ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு மெதில்பிரெட்னிசோலோன். ஏனையோர்க்கு மருந்தற்ற வெறுநீர். எவர்க்கு எது என்பது குலுக்கல் முறையால் அமைந்தது. கொடுத்த வைத்தியரும் அதனை அறியார். உயிருக்குப் போராடுவோனுக்கு வெறுநீரோ என நாமும் இதனை முதலிற் படித்தபோது வெகுண்டோம். முடிவைக் கண்டு நாணினோம். இரு கிழமைக்குள் மருந்து பெற்றோருள் 1,052 பேரும், வெறுநீர் பெற்றோருள் 893 பேரும் இறந்தனர். 20,000 பேரைச் சேர்க்கக் கருதிய சோதனை 2004 இல் இடையிலே நிறுத்தப்பட்டது.

அதே குழுவினர் பின்னர்த் திரனெக்சாமிக் அமிலத்தை ஆராய்ந்தனர். இரத்தக்கட்டு கரைந்துபோகாமற் காக்கும் இம்மருந்தை ஜப்பானிய அறிஞர் உட்டகோ ஒகமோட்டோ அம்மையாரும் அவர்தம் கணவரும் 1962 இல் வெளிப்படுத்தினர். மலிவான பொருள்தான். 12,737 பேரைக் கொண்ட சோதனையின் முடிவு 2019 இல் வெளிவந்தது. 3 மணி நேரத்துள் மருந்து பெற்றோருள், இலேசான அல்லது நடுத்தரமான காயமுற்றோரிடையே தலைக்காயத்தால் நேரும் இறப்புக் குறைந்தது. கடுங்காயமுற்றோர்க்குத் தெளிவான பயன் காணப்படவில்லை. அடிபட்டவனை "சற்றே படுக்கட்டும், விடியப் பார்க்கலாம்" என வீட்டில் வைத்திருப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: இலேசான, நடுத்தரக் காயங்களில், மருந்து கொடுக்கப் பிந்தப் பிந்த அதன் பயன் குறைந்து சென்றது.